தொப்பி ஏறவில்லை, கையுறை நிற்கவில்லை: குழந்தைக்கான கம்பளிப் பின்னலில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கம்பளித் தொப்பி போடும் அளவுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளிர் வருவதில்லை. மார்கழி விடியலிலும் ஒரு கனத்த போர்வை போதும். ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் பல வீடுகளில் பின்னல் ஊசியும் நூலும் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிடும். மகள் கனடாவில் இருப்பாள், மருமகள் அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்ப்பாள், அல்லது பேரனைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊட்டிக்குக் கூட்டிப் போகிறார்கள். பின்னுகிற கை இங்கே வியர்க்கிறது, போட வேண்டிய தலை எங்கோ இருக்கிறது. கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தத் தூரத்தால் வருகிறவை. "எக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம் கொண்டுவருகிறவர்கள் கையைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். அநேகமாகக் கை ஒழுங்காகத்தான் பின்னியிருக்கும். அளவோ, ஊசி எண்ணோ, நூலோதான் காலை வாரியிருக்கும். ஆகவே ஒரு வரிசையைக்கூட அவிழ்ப்பதற்கு முன்னால் அறிகுறியைப் பாருங்கள்.

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று சொல்கிறேன். நிட், பர்ல், ரிப் ஆகியவற்றை நாம் பேசுகிறபடியே விட்டுவிட்டேன்: நிட் என்பது நேர்க் கண்ணி, பர்ல் அதன் மறுபக்கம், ரிப் என்பது ஒரே வரிசையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வரும் இழுபடும் பின்னல்.

செய்முறையில் சொன்னபடியே பின்னினேன், தொப்பி பொம்மைக்குத்தான் சேரும் போலிருக்கிறது

முதலில் ஊசியின் தலையில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்தான் இருக்கும். இதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண் இதற்குத் தலைகீழ். அங்கே 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. யூடியூபில் அமெரிக்கப் பெண் ஒருத்தி "8ஆம் எண் ஊசி" என்று சொன்னதைக் கேட்டு, வடசேரியில் 8ஆம் எண் ஊசி வாங்கி வந்து பின்னினால் தொப்பி சிறுக்காமல் என்ன செய்யும்?

கணக்கு இப்படி. அவர் 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி வரும்படி பின்னுகிறார். 80 கண்ணி போட்டால் சுற்றளவு 44 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். அதே நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னும்போது உங்களுக்கு 10 செ.மீ.க்கு 21 கண்ணி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 80 கண்ணி இப்போது 38 செ.மீ.தான். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னியது கைக்குழந்தைக்குப் போய்விடும். எண்ணை விட்டுவிட்டு மி.மீ. கணக்கை மட்டும் பாருங்கள். எண் அழிந்துபோன ஊசியாக இருந்தால் ஊசி அளவுத் தகட்டின் ஓட்டைகளில் நுழைத்துப் பார்க்கலாம். அந்தத் தகடு விலை குறைவு, பின்னுகிற எல்லார் கையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

ஊசி சரியாக இருந்தும் சிறுத்திருந்தால், அடுத்த சந்தேகம் கை இறுக்கம். இது நம் ஊருக்கே உரிய கோளாறு என்று எனக்கு ஒரு எண்ணம். 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அன்று முதல் லேஸும் எம்பிராய்டரியும் இந்தப் பக்கத்துப் பெண்களின் கையில் இருந்து வருகின்றன. மெல்லிய நூலை விறைப்பாகப் பிடித்துப் பழகிய விரல் அது. தாயோ பாட்டியோ லேஸ் போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் கம்பளி நூலையும் சுண்டு விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பார்கள். லேஸுக்கு அது அழகு. கம்பளிக்கு ஆகாது. இழைகளுக்கு நடுவே தங்குகிற காற்றுதான் சூடு தருகிறது, இறுக்கிப் பின்னினால் அந்தக் காற்றுக்கு இடமில்லாமல் போகும். "நெகிழ்த்திப் பிடி" என்று யார் சொன்னாலும் பத்து வரிசைக்குள் பழைய பிடி திரும்பிவிடும். அதனால் கையோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுண்டு விரல் சுற்றை ஒன்றாகக் குறையுங்கள், ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவுத் துண்டு ஒன்று பின்னிப் பார்ப்பது நல்லது. பலருக்கு இது பிடிக்காது, நூல் வீண் என்பார்கள். 15 செ.மீ. அகலத்தில் ஒரு சதுரம் பின்னி, அலசி, காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகள் பொய் சொல்லும். அலசாமல் எண்ணினாலும் கணக்கு தப்பும்.

தொப்பி புருவத்தைத் தாண்டி கண்ணை மறைக்கிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம், தலையின் சுற்றளவையே தொப்பியின் சுற்றளவாக எடுத்துக்கொண்டது. பின்னல் இழுபடும். தலையைவிட 4, 5 செ.மீ. குறைவாகப் பின்னினால்தான் பிடித்து நிற்கும். ஏறத்தாழ 1 வயதில் தலைச் சுற்றளவு 46 செ.மீ., 2 வயதில் 48, 3 வயதில் 49, 5 வயதில் 51 இருக்கும். முதல் வருடத்துக்குப் பின் தலை மெதுவாகத்தான் வளரும் என்பதைக் கவனியுங்கள். "வளருகிற பிள்ளைதானே, பெரிசாவே இருக்கட்டும்" என்று பாவாடை சட்டைக்குப் பார்க்கிற கணக்கைத் தொப்பிக்குப் பார்க்கக் கூடாது.

48 செ.மீ. தலைக்கு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும் நூலில் 96 கண்ணி போட்டால் 43.6 செ.மீ. வரும். சரியாக இருக்கும். அதே 96 கண்ணியை 10 செ.மீ.க்கு 20 வரும்படி நெகிழ்வாகப் பின்னினால் 48 செ.மீ. ஆகி, கண்ணில் விழும். 

அளவு கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பக்கத்து வீட்டு மயினி, வெளிநாட்டில் இருக்கும் தன் மகளிடம் வாட்ஸ்அப்பில் கேட்டது என் காதில் விழுந்தது.

"மக்களே, பிள்ளைக்க தலை எவ்வளவு இருக்கும்?"

"சின்னத் தலைதாம்மா. ஒரு தேங்கா அளவு."

"தேங்காய்க்கா நான் தொப்பி போடப் போறேன்? டேப்ப எடு. புருவத்துக்கு மேல வச்சு, காதுக்கு மேல கூடிக் கொண்டு போயி, பின்னால துருத்திட்டு இருக்குற எலும்ப சுத்திக் கொண்டு வா."

மயினி சொன்னதுதான் சரியான இடம். அங்கே டேப் இல்லையென்றால் ஒரு நாடாவை அதே இடத்தில் சுற்றி, சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறித்து, ஸ்கேல் மேல் நீட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்கும்போதே உயரத்தையும் கேட்டுவிடுங்கள்: ஒரு காது மடலின் அடியிலிருந்து உச்சி வழியாக மறு காது மடலின் அடி வரை எடுத்த அளவில் பாதி. காதை மூடாத தொப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் ரொறன்ரோவில் ஜனவரி மாதத்துக்கு உதவாது.

பின்னி முடித்துவிட்ட பெரிய தொப்பியை மொத்தமாக அவிழ்க்க வேண்டியதில்லை. விளிம்பின் உள்பக்கம், ரிப் முடிகிற இடத்தில், சன்ன எலாஸ்டிக் நூலைக் கண்ணிகளுக்குள் கோத்து லேசாகச் சுருக்கினால் ஒரு குளிர்காலம் தாங்கும்.

தொப்பியின் உடல் இழுபடுகிறது, விளிம்பு மட்டும் கயிறு கட்டினதுபோல இறுக்குகிறது

கண்ணி ஏற்றிய முதல் வரிசை இறுகிவிட்டது. கழற்றினால் பிள்ளையின் நெற்றியில் சிவந்த கோடு தெரியும். அடுத்த முறை இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் கண்ணி ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிடுங்கள். இப்போது கையில் இருக்கிற தொப்பியைக் காப்பாற்ற வேண்டுமானால், விளிம்புக்கு மேல் இரண்டாவது வரிசையில் கண்ணிகளை ஒரு மெல்லிய ஊசியில் கோத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள நூலை ஒரு இடத்தில் வெட்டி, இறுகிய விளிம்பைப் பிரித்து எடுத்துவிடுங்கள். பிறகு கீழ்நோக்கி நெகிழ்வாக முடிக்கலாம். வெட்டக் கை நடுங்கும், ஆனால் கோத்த கண்ணி எங்கும் ஓடாது.

முடிக்கும் வரிசை இறுகினால் வேலை இன்னும் எளிது. அதை மட்டும் அவிழ்த்து, இரண்டு கண்ணிகளைப் பின்வழியாகச் சேர்த்துப் பின்னி, வந்த ஒரு கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி மாற்றி, மறுபடி இரண்டைச் சேர்த்து என்று முடித்துக்கொண்டு போங்கள். இந்த விளிம்பு நன்றாக நீளும். கையுறை வாய்க்கும் சாக்ஸ் வாய்க்கும் இதுவே நல்லது.

20 கண்ணியில் ஆரம்பித்த மப்ளர் 27இல் நிற்கிறது

புதிதாகப் பின்னுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. கூடின கண்ணி ஓரத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓரத்தில் கூடுகிறது, ஓட்டை எதுவும் இல்லை என்றால், வரிசையைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போடுகிறீர்கள். அப்போது முதல் கண்ணி இழுபட்டு, அதன் இரண்டு காலும் ஊசியின் மேல் வந்து இரண்டு கண்ணியாகத் தெரியும். நீங்களும் அதை இரண்டாகவே பின்னிவிடுவீர்கள். நிட் வரிசை தொடங்கும் முன் நூலைக் கீழே இழுத்துவிட்டு, அங்கே இருப்பது ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுத் தொடங்கினால் இது நின்றுவிடும்.

நடுவில் கூடுகிறது, கூடின இடத்தில் ஒரு சின்ன ஓட்டையும் இருக்கிறது என்றால், ரிப் போடும்போது நிட்டிலிருந்து பர்லுக்கு மாறுகிற இடத்தில் நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே கொண்டுவராமல் ஊசியின் மேலாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அடுத்த வரிசையிலேயே கண்ணில் பட்டால் அந்தக் கள்ளக் கண்ணியைப் பின்னாமல் ஊசியிலிருந்து நழுவவிடுங்கள், மிச்ச நூல் அக்கம்பக்கத்தில் கலந்துவிடும். பத்து வரிசை கழித்துத்தான் பார்த்தீர்கள் என்றால் அங்கே இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டு, ஓட்டையைப் பின்பக்கத்திலிருந்து அதே நூலால் ஒரு தையல் போட்டு மூடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை அதை எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

குறைந்துகொண்டே போகிறது என்றால் ஒரு கண்ணி நழுவியிருக்கிறது, இல்லையென்றால் ஊசி இரண்டில் ஒன்றாக நுழைந்திருக்கிறது. நழுவின கண்ணியைக் கண்டதும் முதலில் ஒரு ஊக்கைக் குத்தி அதை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. பின் குரோஷா ஊசியை நிட் பக்கத்திலிருந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே படிப்படியாகத் தெரியும் குறுக்கு இழைகளில் அடியில் இருப்பதைப் பிடித்துக் கண்ணி வழியாக இழுங்கள். அடுத்த இழை, அதற்கடுத்தது என்று ஊசி வரை ஏறிவரலாம். குரோஷா தெரிந்த கைக்கு இது பத்து நிமிஷ வேலைகூட இல்லை. இரண்டு பக்கமும் நிட் போட்ட துணியாக இருந்தால் ஒரு படி முன்பக்கமிருந்து, மறுபடி பின்பக்கமிருந்து என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

விளிம்பு சுருண்டு சுருண்டு போகிறது

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போன துணி சுருளத்தான் செய்யும். அது அந்தப் பின்னலின் குணம். இஸ்திரி போட்டு நேராக்கப் பார்க்காதீர்கள். அக்ரிலிக் நூல் சூட்டில் இளகி, பளபளத்து, தொய்ந்துவிடும், பிறகு அதை மீட்க முடியாது. சுற்றிலும் நான்கைந்து கண்ணி, நான்கைந்து வரிசை இரண்டு பக்கமும் நிட்டாகவே போட்டு ஓரம் கட்டுங்கள். சிறு பிள்ளை மப்ளர் என்றால் முழுக்க ரிப்பில் போட்டுவிடலாம்.

உச்சி கூம்பி நிற்கிறது, அல்லது சுருக்குப் பை வாய்போல் கூடிவிட்டது

கூம்பினால் கண்ணிகளை மெதுவாகக் குறைத்திருக்கிறீர்கள், சுருங்கினால் அவசரமாகக் குறைத்திருக்கிறீர்கள். 96 கண்ணித் தொப்பியை எட்டுப் பங்காக, பங்குக்கு 12 கண்ணியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கின் முடிவிலும் இரண்டை ஒன்றாக்கி, அடுத்த சுற்றைச் சும்மா பின்னி, அதற்கடுத்த சுற்றில் மறுபடி குறைத்தால் உச்சி உருண்டையாக வரும். கடைசி இரண்டு மூன்று தடவை சும்மாச் சுற்று வேண்டாம். எட்டுக் கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி அவற்றுக்குள் கோத்து இழுத்து முடிச்சிடுங்கள்.

உச்சியில் பாம்பாம் என்ற நூல் பந்து வைக்க எல்லாருக்கும் ஆசை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. இழை இழையாகப் பிய்த்து வாயில் போடும். பிளாஸ்டிக் கண், பித்தானும் அப்படித்தான். கரடி முகம் வேண்டுமென்றால் கண்ணை எம்பிராய்டரி நூலில் போடுங்கள், அதற்குத்தான் நம் ஊரில் கைகளுக்குப் பஞ்சமில்லையே.

வட்ட ஊசியில் பின்னியது எட்டு வடிவில் முறுக்கிக்கொண்டது

முதல் சுற்றைச் சேர்க்கும்போது கண்ணிகள் ஊசியில் ஒருமுறை புரண்டிருக்கின்றன. முதல் சுற்று முடிவதற்குள் பார்த்துவிட்டால், சேர்ந்த இடத்தில் இருக்கும் ஒற்றை நூலின் மேல் அந்த முறுக்கைத் தள்ளி நேராக்கிவிடலாம். அதற்கு மேல் போய்விட்டால் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு வரிசை தட்டையாகப் பின்னிவிட்டு அதன் பிறகு வட்டமாகச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. அடியில் விடும் சின்னப் பிளவை நூல் வாலால் தைத்துக்கொள்ளலாம்.

கையுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை, உள்ளே விரல் மாட்டுகிறது, ஒரு மணி நேரத்தில் காணாமலும் போகிறது

மூன்றும் வேறு வேறு கோளாறுகள். பெருவிரலுக்காக நிறுத்திவைத்த கண்ணிகளை மறுபடி ஊசியில் எடுக்கும்போது இரண்டு பக்க மூலையிலும் ஒரு இடைவெளி விழும். அங்கே கூடுதலாக ஒவ்வொரு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் குறைத்துவிட்டால் மூடிக்கொள்ளும். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெருவிரலே தேவையில்லை, பை போல் பின்னி மணிக்கட்டில் ரிப் போட்டால் போதும்.

இரண்டு நிறத்தில் பூப்போட்ட கையுறை என்றால், பின்பக்கம் குறுக்காக ஓடும் நூலில் குட்டி விரல்கள் மாட்டும். போடும்போது பிள்ளை அழுதால் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். மூன்று கண்ணிக்கு மேல் நீளும் நூலைப் பின்பக்கம் நடுவில் ஒருமுறை பிணைத்துவிட வேண்டும். பின்னி முடித்துவிட்டது என்றால் உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் துணியைத் தைத்துவிடுங்கள், காற்றும் புகாது.

கழன்று விழுவதற்குக் காரணம் மணிக்கட்டு ரிப் நீளம் குறைவு. 6, 7 செ.மீ. இருந்தால்தான் கோட்டுக் கைக்குள் நுழைந்து நிற்கும். ரிப்பை மட்டும் அரை மி.மீ. சின்ன ஊசியில் போடுங்கள். கை அளவுக்கு, பிள்ளையின் உள்ளங்கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் அனுப்பச் சொல்வேன். "மூணு வயசு" என்ற தகவலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இரண்டு கையுறையையும் நீளக் கயிற்றால் இணைத்துக் கழுத்தைச் சுற்றிப் போடும் பழைய பழக்கத்தை விட்டுவிடலாம். கிளிப் வைத்துக் கோட்டுக் கையில் மாட்டுங்கள்.

மப்ளர் நீண்டுகொண்டே போகிறது, சறுக்கில் மாட்டுகிறது

நீளுவது இரண்டு பங்கு நூலின் கனம், ஒரு பங்கு பிள்ளை இழுப்பது. ஆனால் நான் கவலைப்படுவது சறுக்கில் மாட்டுவதைப் பற்றி. தொங்கும் மப்ளர் நுனி சறுக்கு மரத்திலோ வண்டிக் கதவிலோ சிக்கினால் கழுத்தை நெரிக்கும். குழந்தை உடையில் தலைமூடி, கழுத்துப் பகுதிகளில் நாடாவே கூடாது என்று 7 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐரோப்பியத் தர வரையறை சொல்கிறது. மப்ளர் அந்த வரையறைக்குள் வராவிட்டாலும் ஆபத்து அதே ஆபத்துதான். ஏற்கெனவே பின்னிவிட்ட மப்ளரை வெட்டவோ முழுதாக அவிழ்க்கவோ வேண்டாம். 45 செ.மீ. நீளம் வரை அவிழ்த்து முடித்து, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்தால் தலைவழியாகப் போடுகிற கழுத்து வளையம் ஆகிவிடும். ரிப் பின்னலாக இருந்தால் 48 செ.மீ. தலையைத் தாண்டிச் சுலபமாக இறங்கும். அவிழ்த்த நூலில் ஒரு ஜோடிக் கையுறை வரும்.

"குத்துது" என்று பிள்ளை பிடுங்கி எறிகிறது

நூலை வாங்கும்போது உள்ளங்கையில் தடவிப் பார்த்து முடிவு செய்திருப்பீர்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது. காதுக்குக் கீழே கழுத்தில் ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், அங்கே நமைத்தால் குழந்தைக்கு ஆகாது. ஆட்டுக் கம்பளியிலும் எல்லாம் ஒன்றில்லை. சன்ன இழை மெரினோ குத்தாது, தடித்த இழைக் கம்பளி குத்தும். தொப்பியின் நெற்றிப் பட்டைக்கு உள்ளே நாலு விரல் அகலத்தில் பனியன் துணி வைத்துத் தைத்தால் குத்துகிற தொப்பியும் போடுகிற தொப்பியாகிவிடும்.

"அப்போ பருத்தி நூலிலே போட்டுடுறேனே, உடம்புக்கு நல்லதாச்சே" என்பார்கள். நம் வெயிலுக்கு நல்லது. பனியில் விளையாடும் பிள்ளைக்குப் பருத்திக் கையுறை கெடுதல்: நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கையைக் குளிரவைக்கும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோலக் காட்டாது. ஊட்டியில் இரண்டு நாள் தங்குவதற்கு அக்ரிலிக் தாராளமாகப் போதும், துவைக்கவும் எளிது. வெளிநாட்டுப் பனிக்கு மெரினோ, அல்லது கம்பளி பாதியாவது கலந்த நூல்.

வெள்ளை நூலில் சாம்பல் நிறம் ஏறுகிறது, கண்ணி ஊசியில் ஒட்டிக்கொள்கிறது

வியர்வை. அலுமினிய ஊசி வியர்த்த கையில் கறுக்கும், அந்தக் கறுப்பு நூலில் ஏறும். மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். பவுடர் போட்டுக்கொண்டு பின்னுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நூலோடு சேர்ந்து மாவாகிப் பிள்ளையின் மூக்குக்குள் போகும். மதியத்தில் பின்னாமல் விடிகாலையிலோ மழை விட்ட சாயங்காலத்திலோ பின்னுவதுதான் நம் ஊருக்குச் சரி. ஏறிவிட்ட கறையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள், உடனே பார்த்தால் பெரும்பாலும் போய்விடும். போர் தண்ணீரில் இரும்பு அதிகமுள்ள வீடுகளில் வெள்ளைக் கம்பளியை அதில் அலசாதீர்கள், மஞ்சள் ஏறும். மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ நல்லது.

துவைத்தபின் சுருங்கிவிட்டது, அல்லது இரட்டிப்பாக நீண்டுவிட்டது, அல்லது புழுங்கல் வாடை

சுருங்கித் தடித்தது அசல் கம்பளி. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இதற்கு மருந்து கிடையாது. நீண்டது பெரும்பாலும் மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளி, நனைந்த கனத்தோடு கொடியில் தொங்கவிட்டிருப்பீர்கள். மறுபடி நனைத்து, துண்டில் சுருட்டி அமுக்கி, சரியான அளவுக்குத் தட்டிக் குறுக்கிப் படுக்கையாகக் காயவையுங்கள், பெருமளவு திரும்பிவரும்.

வாடை நம் மழையின் உபயம். ஆனி, ஆடிச் சாரலிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கனத்த பின்னல் இரண்டு நாளானாலும் உள்ளே காயாது. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சிரமம்: காற்றில் வரும் உப்பு துணியில் படிந்து ஈரத்தை இழுக்கும், காய்ந்ததும் மறுபடி பிசுபிசுக்கும். பிழியாமல், பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். துண்டை மாற்றி இன்னொரு தடவை. பிறகு பழைய கொசுவலையை இரண்டு நாற்காலிக்கு நடுவே இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை, அந்தக் காற்றுக்குத் துணி பறந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடலோர வீட்டில் காய்ந்த கையோடு பெட்டியில் வைத்து மூடுங்கள், இரவு முழுக்கத் திண்ணையில் விடாதீர்கள்.

எடுத்துப் பார்த்தால் அரிசி அளவு ஓட்டைகள்

கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு அரித்திருக்கிறது. அது தின்பது ஆட்டு முடியை, அக்ரிலிக்கை அல்ல. ஓட்டையின் ஓரம் நைந்து, பக்கத்தில் மணல் போன்ற எச்சம் இருந்தால் இதுதான். ஓலைப்பெட்டியிலும் துணிப்பையிலும் வைத்தால் வரும். நன்றாகக் காயவைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் காற்றைப் பிதுக்கி மூடி வையுங்கள்.

நாப்தலின் உருண்டை மட்டும் குழந்தைத் துணிக்குள் வேண்டவே வேண்டாம். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு, நாப்தலினோடு கிடந்த துணியை உடுத்துவதாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது. ஏற்கெனவே உருண்டையோடு வைத்திருந்த தொப்பி என்றால், துவைத்து, வாடை துளிகூட இல்லாமல் போகும்வரை காற்றாட விட்டபிறகே பார்சலில் வையுங்கள். வாடை போகவில்லையா, அனுப்பாதீர்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பிள்ளை கழற்றி எறிகிறது

அளவு சரி, குத்தவில்லை, காதை மூடுகிறது, இருந்தும் பிடுங்கினால் வீட்டுக்குள் போட்டுவிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். வெளிநாட்டு வீட்டில் ஹீட்டர் ஓடும், உள்ளே நம் நாகர்கோவில் மாதிரிதான் இருக்கும். கைக்குழந்தையின் உடல் சூடு தலைவழியாகத்தான் பெரிதும் வெளியேறும். தூங்கும்போது வீட்டுக்குள் தொப்பி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே சொல்கிறது. பாட்டி பின்னியது என்பதற்காக வீடியோ காலில் காட்டுவதற்குப் போட்டு வைத்திருந்தால், காட்டிவிட்டுக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்த்திருந்தால் பிள்ளை சொல்வதுதான் சரி.